அகத்தியர் மலைக்கு யார் யாரு வாறீய?

முத்து: நாளைக்குக் காலைல அகத்தியர்கூடம் (கேரளால அகத்தியர் மலைக்கு அதான் பேரு) ஏற கேரள வனத்துறை புக்கிங் திறக்கு. வாறவங்க பேரு, வயசு, ஆதார் நம்பர் ராத்திரிக்குள்ள அனுப்புங்க. கொஞ்ச நேரத்துல தீந்துரும்.

குமார் அத்தான்: நான் உண்டு

செல்வி சித்தி: நானும்

பெரிய அத்தை: பொம்பளையாளு மேல ஏறக்கூடாதும்பாவளே

பெரிய மாமா: அது பழைய கத. 2018-ல கேரள உயர் நீதிமன்றம் ஆம்பள பொம்பள பேதம் பாக்கக்கூடாதுன்னுட்டு. 2019 ஜனவரில பாதுகாப்புத் துறை அதிகாரி தன்யா சனல் உச்சி வரைக்கும் ஏறிட்டாங்க.

செல்வி சித்தி: கேட்டியளா மதினி

பெரிய அத்தை: அங்க உள்ள காணிப் பழங்குடி ஆளுகளுக்கு மனசு ஒப்பலியாமே

பெரிய மாமா: ஆமா, எதிர்ப்பு சொன்னாங்க. அவங்களுக்கு அது சாமி மலை. அவங்க காட்டிக் கொடுத்த ஆரோக்கியப்பச்சைங்கிற மூலிகைலதான் ஜீவனிங்கிற சத்து மருந்தே வந்துச்சு. அவங்க மண்ணுங்கிற நெனப்போட ஏறணும்.

குமார் அத்தான்: அப்பா, நம்ம காரையார் வழியா போக முடியாதா?

பெரிய மாமா: விடமாட்டாங்கல. நம்ம பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். மலை 1,868 மீட்டர், ரெண்டு மாநில எல்லைல நிக்கி. கிழக்க சரியுத தண்ணி நம்ம தாமிரபரணி. மேற்க சரியுதது நெய்யாறு, கரமனையாறுன்னு திருவனந்தபுரம் பக்கம் போயிரும். தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை ரெண்டும் அங்க விழும். சோலைக்காடு அந்தத் தண்ணியப் பிடிச்சு வச்சு மெதுவா விடும். அதனாலதான் வெயில் காலத்துலயும் பாபநாசம் படித்துறைல நாம முங்கிக் குளிக்கோம். புன்னக்காயல்ல கடல் சேருத வரைக்கும் அத்தன வயலுக்கும் அந்தக் காடுதான் சோறு போடுது. 2016-ல யுனெஸ்கோ இந்த மலைக்காட்ட உலக உயிர்க்கோளக் காப்பகப் பட்டியல்ல சேத்தாங்க.

செல்வி சித்தி: அண்ணே, நடை எவ்வளவு?

பெரிய மாமா: கேரளப் பக்கம் போனக்காடுல ஆரம்பிச்சு அதிருமலை கேம்ப்ல ராத்திரி தங்கணும். மறுநாள் உச்சி. போக மட்டும் 20 கிலோமீட்டர் பக்கம் வரும். கடைசில வழுக்குப் பாறை, கயிறப் பிடிச்சு ஏறணும். 1855-லயே ஜான் ஆலன் புரூன்னு திருவிதாங்கூர் மகாராஜா ஆய்வகத்து வெள்ளக்காரர் அந்த உச்சில பூமியோட காந்தத்த அளக்க கட்டடமே கட்டிருக்காரு. சாமானெல்லாம் ஆளுக சுமந்துதான்

குமார் அத்தான்: பயலும் வரணுங்கான்

முத்து: 14 வயசுக்குக் கீழ எடுக்கமாட்டாங்க அத்தான். டாக்டர் சர்டிபிகேட்டும் வேணும்

குமார் அத்தான்: அழுவான். நீயே சொல்லு

ஆச்சி: (குரல் பதிவு, 0:41)

செல்வி சித்தி: அம்மா தேங்கா, சூடம் கொண்டுபோயி அகத்தியருக்கு வைக்கச் சொல்லுதா. அப்பா பேர்ல

முத்து: பூஜை சாமான் உள்ள விடமாட்டாங்க சித்தி. பிளாஸ்டிக்கும் கூடாது

செல்வி சித்தி: அத யாரு அம்மாட்ட சொல்ல

சின்ன மாமா: முந்தின நாள் எங்க வீட்ல தங்கிக்கிடுங்க. திருவனந்தபுரத்துல இருந்து விதுரா வழியா போயிரலாம். வேன் நான் சொல்லுதேன்

பெரிய அத்தை: பால் காய்ச்சுனப்ப கூப்பிடாத வீடு

சின்ன மாமா: மதினி, அப்பா பதினாறு முடிஞ்ச வாரம் அது. யாரையும் கூப்பிடல

பெரிய அத்தை: போட்டோவுல உங்க மாமனார் வீட்டு ஆளுக நின்னாவ

செல்வி சித்தி: இப்ப எதுக்கு அது

பெரிய மாமா: அப்பாவுக்கு அந்த மலை மேல ஏறணும்னு அம்புட்டு ஆச. மில்லு ஷிப்ட் முடிஞ்சு வந்தா மொட்டமாடில நின்னு பாப்பாவ. தம்பி, நீயும் வா.

சின்ன மாமா: நீங்க வந்தா வாறேன்

பெரிய மாமா: முட்டிய டாக்டர்ட்ட காமிச்சிட்டு சொல்லுதேன்

முத்து: மாமா, புக்கிங் நாளைக்கு

பெரிய அத்தை: மாடில கெடந்த வத்தல் தட்ட எடுத்தது யாரு?

குமார் அத்தான்: நான்தாம்மா. மழ தூறுச்சு

முத்து: இது வரைக்கும் சித்தி ஆதார் மட்டும்தான் வந்திருக்கு. அத்தான், நீங்களாவது அனுப்புங்க