ரேடார் நேரத்தைப் பங்கிட என்ன சொல்? (வெள்ளிக்குள் வேண்டும்)

பசுமலை:
வணக்கம். ஏவுகணைத் தடுப்புப் பாடம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது, ஒரு சொல்லில் நிற்கிறேன். பேஸ்டு அரே ரேடார் (ஆன்டெனாவைச் சுழற்றாமல் மின்னணு முறையிலேயே அலைக்கற்றையைத் திருப்புவது) தன் கற்றையைத் திருப்ப மைக்ரோநொடிகள் போதும். ஆனால் புதிதாக வருவதைத் தேடுவது, கண்டதைத் தொடர்வது, போலிகளுக்கு நடுவே வெடிமுனையை இனங்காண்பது, நம் ஏவுகணைக்கு வழிகாட்டுவது எல்லாமே அதே நேரத்தையும் அதே கணினியையும்தான் தின்கின்றன. அதே பொருளை இருமடங்கு தொலைவில் காண 16 மடங்கு ஆற்றல் வேண்டும். அங்கே உற்றுப் பார்த்தால் மற்ற வேலை பட்டினி. 'வள ஒதுக்கீடு' என்று போட்டேன். வகுப்பில் "இடஒதுக்கீடா சார்?" என்கிறார்கள்.

நரிமேடு:
ஒதுக்குவது ஒருமுறை எடுத்துவைப்பது. இது நொடிக்கு நொடி மாறுவது. "காத்தலும் காத்த வகுத்தலும்" என்று குறளிலேயே இருக்கிறதே! 'வளவகுப்பு' எனலாம். ரேடார் என்ற சொல்லையும் விடுங்கள், அதற்குத் தமிழில் 'கதுவீ' இருக்கிறது. கதுவுதல் பற்றுதல். கதுவாலிக்கும் அதுவே வேர் என்பது என் துணிபு.

மேலூரான்:
கதுவாலி கௌதாரிதானே ஐயா, அது எதைப் பற்றியது? பிடித்து வறுத்தவர்கள்தான் பற்றினார்கள். 'வகுப்பு' என்றால் பையன்கள் கரும்பலகையைத் தேடுவார்கள். எங்கள் பக்கம் பெரியாற்றுத் தண்ணீர் குறைந்தால் முறைப்பாசனம். எந்த மடைக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. 'முறைவைப்பு' என்று வையுங்கள்.

நரிமேடு:
முறை என்றால் எல்லாருக்கும் சுற்றி வரும். இங்கே சிலரைக் காயவும் விட வேண்டும். வெட்டவெளியில் விழப்போகிற ராக்கெட்டை இஸ்ரேலின் தடுப்பு அமைப்பான அயர்ன் டோம் கண்டும் விட்டுவிடுகிறது.

பசுமலை:
அது இடைமறிக்கும் ஏவுகணையை மிச்சம் பிடிப்பது, ரேடார் நேரத்தை அல்ல. ஆனாலும் முன்னுரிமை என்ற கருத்து சரி.

திருநகர்:
சொல்லில் நேரம் தெரிய வேண்டும். 1991 பிப்ரவரி 25, சவூதியின் தஹ்ரான். 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடிய பேட்ரியாட் என்ற அமெரிக்கத் தடுப்பு அமைப்பின் கணினியில் நேரக்கணக்கு மூன்றில் ஒரு நொடி பிசகியது. ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை வரும் இடத்தை விட்டு வேறிடத்தில் தேடியது ரேடார். 28 வீரர்கள் இறந்தார்கள். 'நேரப்பங்கீடு' என்பது என் ஓட்டு.

மேலூரான்:
அப்போ கணினி? நினைவகம்?

பசுமலை:
சரி, அச்சகத்தார் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். 'பங்கீடு' இருக்கட்டும்; கணினியும் நினைவகமும் அடங்க 'வளப்பங்கீடு' என்று போடுகிறேன். எந்த வேலை எப்போது என்று வரிசை கட்டும் நிரலுக்கு 'முறைவைப்பு'.

நரிமேடு:
பங்கீடு ரேஷன் கடைச் சொல். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும். கதுவாலி பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.