ஒன்பது பவுண் எண்டு ஏன் சொன்னவ?

முத்தத்துவேம்பு:
களஆய்வுக்காரி எழுதியிருக்கிறா, கலியாணம் கட்டாத பெட்டையள் பழைய ஆக்களிட்டைக் கதை கேட்டுப் பதியப் போகேக்க கவரிங் தாலிக்கொடி ஒண்டைப் போட்டுக்கொண்டு போறது பாதுகாப்பாம், அதால ஒருத்தருக்கும் நட்டமில்லையாம். வாசிச்ச நேரத்தில இருந்து நெஞ்சு எரியுது. யாழ்ப்பாணச் சனம் ஊரை விட்டு வெளிக்கிட்ட 1995 இடப்பெயர்வைப் பற்றிக் கேக்க எங்கட வீட்டுக்கும் ஒரு பிள்ளை வந்தவ. அம்மா கொடியைப் பாத்திட்டு "எத்தினை பவுண் பிள்ளை?" எண்டு கேக்க, அவ "ஒன்பது" எண்டவ. பேந்துதான் எனக்குத் தெரிய வந்தது, அவவுக்குக் கலியாணமே ஆகேல்லை.

பருத்தித்துறையான்:
அதால அம்மாவுக்கு என்ன குறைஞ்சது அக்கா? ஒரு பெட்டை தனிய ரெக்கோடரோட வந்து நிண்டால் எங்கட சனம் முதல் கேக்கிறது ஆற்றை பிள்ளை, எந்த ஊர், ஏன் இன்னும் கட்டேல்லை. ஊர் கேக்கிறது சாதி பிடிக்க எண்டு உங்களுக்குத் தெரியாதோ?

முத்தத்துவேம்பு:
என்ன குறைஞ்சது எண்டு சொல்லுறன் கேளுங்கோ. ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள்ள, நாவற்குழிப் பாலத்தில அடி அடியா நகந்து சாவகச்சேரிக்குப் போய்ச் சேந்த சனத்தில நாங்களும் ஒரு குடும்பம். அங்க வைச்சு அம்மா தன்ர கொடியை வித்தவ. மஞ்சள் கயித்தில மஞ்சள் துண்டைக் கட்டிச் சட்டைக்குள்ள விட்டுக்கொண்டு, அப்பம்மாவின்ர கண்ணில படாமல் எத்தினையோ மாதம் திரிஞ்சவ. பெத்த பிள்ளை எனக்கே சொல்லாத கதை இது. அந்தப் பிள்ளைக்குச் சொன்னவ, "கொடி ஏறின கழுத்துக்குத்தான் உது விளங்கும்" எண்டு.

களஆய்வுக்காரி:
நெறி எண்டால் என்ன எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை, எல்லாரும் கொடியில தொங்குறியள். அமெரிக்க மானிடவியல் சங்கம் 2012ல வைச்ச நெறிக்கோவையில இருக்கிறது உங்கட வேலையைப் பற்றி வெளிப்படையா, நேர்மையா இருங்கோ எண்டு. வேலையைப் பற்றி, என்ர கழுத்தைப் பற்றி இல்லை. 1978ல மானிடவியல்காரி லைலா அபு-லுகோட் எகிப்தில பெதுயின் எண்ட பாலைவன அரபுச் சனத்திட்டைக் களஆய்வுக்குப் போகேக்க தகப்பனே கூடப் போனவர், நல்ல குடும்பத்துப் பிள்ளை எண்டு காட்ட. எனக்குக் கூட வர அப்பா இல்லை. ஒரு வீட்டில ஒராள் கதவைச் சாத்தினவர், அதுக்குப் பிறகுதான் நான் கொடி போட வெளிக்கிட்டனான்.

முத்தத்துவேம்பு:
கதவு சாத்தினவன் நாசமாப் போவான், அதில உங்களோடதான் நான். ஆனால் அந்தத் தகப்பன் உண்மையான தகப்பன். சரி, போட்டதை விடுவம், ஒன்பது பவுண் எண்டு ஏன் சொன்னவ?

ஸ்காபரோக்காரன்:
இந்திய ஆமிக் காலத்தில பெண்களின்ர வாயால கேட்டு 'முறிந்த பனை' புத்தகத்தில எழுதின யாழ் பல்கலைக்கழக விரிவுரையாளர் ரஜனி திராணகம, சிங்களவரைக் கட்டினதை மறைச்சவவோ? புருசன்ர பேரைத் தன்ர பேரிலயே வைச்சிருந்தவ.

பருத்தித்துறையான்:
1989 செப்ரெம்பர் 21 அவவைச் சுட்டவங்கள். அதைக் காட்டியோ பெட்டையளுக்கு உண்மை பேசச் சொல்லுறியள்? கனடாவில இருந்துகொண்டு லேசாச் சொல்லலாம்.

ஸ்காபரோக்காரன்:
தம்பி, 95ல நானும் அந்தப் பாலத்தைத் தாண்டினனான். அது யாழ்ப்பாணப் பட்டினப் பக்கத்து வலிகாமச் சனம் பட்ட பாடு, உங்கட பருத்தித்துறை இருக்கிற வடமராட்சி இருந்து பாத்தது.

பருத்தித்துறையான்:
87ல ஆமி வடமராட்சிக்குள்ள இறங்கின ஒப்பரேசன் லிபரேசன் நேரம் நாங்கள் கோயில்களுக்குள்ள கிடந்தது உங்களுக்குக் கணக்கில்லையோ? எப்பவும் உந்த வலிகாமத் தடிப்பு.

களஆய்வுக்காரி:
தயவுசெய்து விசயத்துக்கு வாங்கோ. அந்தப் பிள்ளை கொடி போட்டது மட்டும்தான், உங்கட அம்மா தானா நினைச்சவ.

முத்தத்துவேம்பு:
தானா நினைக்கேல்லை. கேட்டவ. ஒன்பது எண்டு மறுமொழி வந்தது. பக்கத்தில தேத்தண்ணியோட நிண்டனான், என்ர காதால கேட்டனான்.

களஆய்வுக்காரி:
கேட்ட இடத்தில வேற என்ன சொல்லுறது? கவரிங் எண்டோ? விருப்பமில்லாட்டி அம்மான்ர பதிவை அழிக்கச் சொல்லுங்கோ, அவவுக்கு அந்த உரிமை இருக்கு.

முத்தத்துவேம்பு:
அழிச்சால் அம்மா சொன்னதும் போயிடும், அதையும் நானோ செய்யிறது? அம்மா இப்பவும் கேக்கிறா, அந்தப் பிள்ளைக்குக் குழந்தை கிடைச்சிட்டுதோ எண்டு. நான் இன்னும் சொல்லேல்லை.

பருத்தித்துறையான்:
அப்ப நீங்களும் மறைக்கிறியள்தானே.

முத்தத்துவேம்பு:
நான் ஒன்பது பவுண் எண்டு சொல்லேல்லை.