ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஊர்களில் வேலை பார்த்தவர்களின் அனுபவங்கள்: முடிவெடுப்பது யார்?

செவிலியர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்

ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) மருத்துவராகவும் செவிலியராகவும் ஆசிரியராகவும் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் இருக்கிறோம். நம்மவர்கள் கூடும் இடங்களில் பூர்வகுடி மக்களைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார்: "அரசாங்கம் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் அவர்கள் மாறமாட்டார்கள்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுக்காது. கூட இருந்து பார்த்தவர்கள் எழுதினால் நல்லது. நானே ஆரம்பிக்கிறேன்.

நான் டயாலிசிஸ் பிரிவில் இருப்பவள். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலைந்து மணி நேரம் ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். மேற்குப் பாலைவனத்துப் பின்டுபி மக்கள் இதற்காக ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத்தான் வந்தாக வேண்டியிருந்தது. அவர்களுடைய ஊரான கின்டோர் அங்கிருந்து மேற்கே 500 கிலோமீட்டருக்கு மேல். வந்தவர் திரும்பிப் போக முடியாது. சாகும்வரை நகரத்தில்தான் இருக்க வேண்டும்.

நான் முதலில் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் ஒரு பாட்டி அடிக்கடி காணாமல் போய்விடுவார். ஊரில் ஒரு சாவு இருக்கும், இல்லையென்றால் பேத்தியைப் பார்க்க வேண்டியிருக்கும். சில நாள் கழித்துக் கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேருவார். கோப்பில் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று எழுதுவார்கள். எதற்காகப் போனார் என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

இந்த நிலையை மாற்றியவர்கள் பின்டுபி மக்களேதான். 2000-ல் அவர்களுடைய ஓவியர்கள் ஒன்றுசேர்ந்து பெரிய ஓவியங்களை வரைந்து, சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் ஏலத்துக்கு வைத்தார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. அந்தப் பணத்தில் தொடங்கிய அமைப்பைத்தான் இன்று எல்லோரும் பர்ப்பிள் ஹவுஸ் என்கிறோம். 2004-ல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. அப்புறம் பல தொலைவூர்களுக்குப் பரவியது. ஒரு லாரிக்குள்ளேயே இயந்திரத்தைப் பொருத்தி ஊர் ஊராகவும் கொண்டுபோகிறார்கள். மிகத் தொலைவான ஊர்களில் செவிலியர்கள் செய்யும் டயாலிசிஸுக்கு அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் தரத் தொடங்கியது 2018-ல்தான். மக்கள் செய்து காட்டி 14 வருஷம் கழித்து அரசு வந்து சேர்ந்தது.

தொலைவூர் மையம் ஒன்றில் கொஞ்ச காலம் நானும் இருந்திருக்கிறேன். ஒரு நாள் மதியம் ஒரு அம்மா ஊசி போட்ட கையை அசைக்காமல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பள்ளி விட்டதும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் நேராக உள்ளே வந்து அவர் காலடியில் உட்கார்ந்தார்கள். மறுநாள் பள்ளிப் பிள்ளைகளை அவர்தான் தேன் எறும்பு (வயிற்றில் தேன் சேர்த்து வைக்கும் எறும்பு) தோண்டக் கூட்டிப்போகிறார். எந்த முல்கா மரத்தடியில் தோண்டுவது, எறும்பு இறங்கும் துளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர்கள் மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தார். மொழி, பாட்டு, நிலம் எல்லாவற்றையும் சொல்லித்தர வேண்டிய ஒரு தலைமுறையே நகரத்து டயாலிசிஸ் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் யாரிடம் கற்பார்கள்? அதனால்தான் உடல்நலத்தையும் கல்வியையும் இரண்டு துறைகளாகப் பிரித்துப் பேசுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் அந்த மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர்களுடைய ஆட்கள். செவிலியர்களான நாங்கள் அவர்களுக்குக் கீழ் வேலை பார்த்தோம். வேலையின் சுவையே வேறாக இருந்தது.

ஆசிரியை, ஆர்ன்ஹெம் லேண்ட்

அக்கா, நன்றாக ஆரம்பித்தீர்கள். பள்ளிக்கூடப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

இங்கே யிர்க்கலா என்று ஓர் ஊர் இருக்கிறது. யோல்ங்கு மக்களின் ஊர். 1970-களிலிருந்தே அந்தப் பள்ளியில் பிள்ளைகள் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் சேர்த்துப் படிக்கிறார்கள். 1990-ல் அதன் தலைமை ஆசிரியரானவர் அதே ஊர்க்காரரான டாக்டர் எம். யுனுபிங்கு. 1992-க்கான சிறந்த ஆஸ்திரேலியர் விருது பெற்றவர். (மறைந்தவரின் முதற்பெயரைச் சொல்லாதது அவர்கள் வழக்கம், நானும் அப்படியே எழுதுகிறேன்.) யோல்ங்கு அறிவும் வெள்ளையர் அறிவும் சமமாக நிற்கும் பாடத்திட்டம் வேண்டும் என்று அவரும் ஊர்ப் பெரியவர்களும் வருஷக்கணக்காக உழைத்தார்கள். 2008-ல் வடக்குப் பிரதேச அரசு, தினமும் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்தில்தான் நடத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது. யிர்க்கலா மக்கள் எதிர்த்து நின்றார்கள், தங்கள் முறையை விடவில்லை. 2020-ல் அந்தப் பள்ளியில் எட்டுப் பேர் பல்கலைக்கழகத்தில் சேரும் தகுதியோடு 12-ம் வகுப்பை முடித்தார்கள். அந்த ஊரில் அதுதான் முதல் முறை.

நான் இருப்பது வேறொரு பள்ளி. வகுப்பில் என்னோடு ஒரு யோல்ங்கு ஆசிரியை இருக்கிறார். அடுத்த வாரப் பாடத்தை இருவரும் உட்கார்ந்து சேர்ந்துதான் திட்டமிடுவோம். கணக்குப் பாடத்துக்கு நான் அட்டைகளை எடுத்தால், அவர் உறவுமுறையிலிருந்து தொடங்கலாம் என்பார். யார் யாருக்கு என்ன முறை, அது எத்தனை தலைமுறையில் சுற்றி மறுபடி வருகிறது என்று மணலில் கோடு போட்டுக் காட்டுவார். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொல்வார்கள். எனக்கு அது பிடிபடக் கஷ்டமாகவே இல்லை. அங்கேயும் அம்மாவின் அக்கா தங்கைகள் எல்லோரும் அம்மாதான், அப்பாவின் அண்ணன் தம்பிகள் எல்லோரும் அப்பாதான், தாய்மாமனுக்குத் தனி முறை. நம் பெரியம்மா, சித்தப்பா, மாமா கணக்கை அறிந்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்ததுதான். என்னையும் ஒரு குடும்பத்தில் சேர்த்துக்கொண்டு முறை வைத்தார்கள். அதன்பிறகுதான் பல தாய்மார்கள் என்னிடம் வாய் திறந்து பேசினார்கள்.

காது விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். தொலைவூர்ப் பிள்ளைகளிடம் நடுக்காதில் சீழ் பிடிக்கும் நோய் மிக அதிகம். கைக்குழந்தையிலேயே தொடங்கிவிடும். நெருக்கடியான வீடுகளும் சரியில்லாத தண்ணீர் வசதியும் பெரிய காரணங்கள். பின்வரிசையில் 'கவனிக்காமல்' இருக்கும் பிள்ளைக்குப் பல நேரம் காதே கேட்பதில்லை. நான் கழுத்தில் மைக் மாட்டிக்கொண்டு, ஒலிபெருக்கி வைத்துத்தான் பாடம் நடத்துகிறேன். அதைவிடப் பெரிய உதவி, ஊர்க்காரரான சுகாதாரப் பணியாளர் ஒருவர் பள்ளிக்கே வந்து காது பார்ப்பது. அவர் கூப்பிட்டால் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். வெளியிலிருந்து மருத்துவக் குழு வரும் நாளில் பாதிப் பேரைக் காணோம்.

அரசுப் பணியாளர், டார்வின்

இரண்டு பேரும் நடந்த நல்லதை எழுதியிருக்கிறீர்கள். நடக்காததை நான் எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், சிறுவர் நலத் திட்டம் ஒன்றுக்காக 'ஊர்மக்களிடம் கருத்துக் கேட்க' ஒரு குழு போனது. நானும் அதில் இருந்தேன். சிறிய வாடகை விமானம். மூன்று மணிக்குத் திரும்பியாக வேண்டும். திட்ட அறிக்கை ஏற்கெனவே வண்ணத்தில் அச்சாகிக் கையில் இருந்தது. பெரியவர்கள் அவசரப்படாமல் ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள், நடுவில் நீண்ட மௌனம். அது அவர்கள் யோசிக்கும் விதம். எங்கள் பக்கம் ஆட்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூத்தவர் ஒருவர் பேச ஆரம்பித்தபோது விமானி வாசலில் வந்து நின்றார். கிளம்பிவிட்டோம். 'ஊர்மக்களின் ஒப்புதல் பெறப்பட்டது' என்று அறிக்கையில் எழுதப்பட்டது.

பூர்வகுடி மக்களுக்கும் மற்றவர்களுக்கும் வாழ்க்கை நிலையில் உள்ள 'இடைவெளியைக் குறைக்கும்' தேசிய ஒப்பந்தம், 2020-ல் எல்லா அரசுகளும் கையெழுத்திட்டது, இதைத்தான் மாற்ற வந்தது. பூர்வகுடித் தலைவரான பேட் டர்னர் தலைமையில் பூர்வகுடி அமைப்புகளின் கூட்டமைப்பு அரசுகளோடு சம தரப்பாக உட்கார்ந்து எழுதியது. முடிவைச் சேர்ந்து எடுப்பது, மக்களே நடத்தும் அமைப்புகளை வளர்ப்பது, அரசு அலுவலகங்கள் தங்களை மாற்றிக்கொள்வது, புள்ளிவிவரங்களை மக்களிடமும் கொடுப்பது என்று நான்கு கடமைகள் அதில் இருக்கின்றன. மூன்றரை வருஷம் கழித்து, 2024 பிப்ரவரியில், அரசுக்கு ஆலோசனை சொல்லும் உற்பத்தித்திறன் ஆணையம் ஆராய்ந்து, அரசுகள் இதைப் பெரும்பாலும் நிறைவேற்றவில்லை என்று அப்பட்டமாகச் சொன்னது. உள்ளேயிருந்து பார்க்கிற எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. பணத்தை எதற்குச் செலவிடுவது என்ற அதிகாரத்தை விட்டுக்கொடுக்க எந்த அலுவலகத்துக்கும் மனசு வருவதில்லை.

செவிலியர், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்

தனிச்செய்தியில் இரண்டு பேர் இங்கே வேலைக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாருங்கள். முடிந்தால் மக்களே நடத்தும் மருத்துவ அமைப்புகளில் விண்ணப்பியுங்கள். சிட்னியின் ரெட்ஃபெர்னில் 1971-ல் முதலாவது தொடங்கியது, இன்று நாடு முழுக்க இருக்கின்றன. நேர்காணலில் நிர்வாகக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆறு மாதத்தில் கிளம்பும் எண்ணம் இருந்தால் வேண்டாம். ஒவ்வொரு புது முகத்துக்கும் தங்கள் கதையை முதலிலிருந்து சொல்லிச் சொல்லி இங்கே எல்லோரும் களைத்துப்போயிருக்கிறார்கள்.