உதவி தேவை: வெல்லஸ்லி குடும்ப மரத்துல ஒரு பாதிரியார் 112 வருஷம் வாழ்ந்ததா காட்டுது

மரம்_வளர்ப்பவன்:
வணக்கம் மக்களே. எம்.ஏ ஹிஸ்டரி அஞ்சல் வழில பண்றேன், ப்ராஜெக்ட்டுக்கு ஏதாவது ஒரு பிரிட்டிஷ் குடும்பத்தோட வம்சாவளிய எடுத்து அதுல யார் பட்டாளத்துக்குப் போனாங்க, யார் சர்ச்சுக்குப் போனாங்கன்னு சார்ட் போடணும். நான் வெல்லஸ்லி குடும்பத்த எடுத்தேன், வாட்டர்லூ வெலிங்டன் பிரபு வீடு தான். ஒரு ஆன்லைன் மரம் போடுற தளத்துல ஒவ்வொருத்தரா ஏத்திட்டு வந்தேன், அது "ஒரே ஆள் மாதிரி தெரியுது"ன்னு தானாவே சில பேர சேர்த்து வச்சிருக்கு. இப்போ பாத்தா ஜெரால்ட் வலேரியன் வெல்லஸ்லி, பிறப்பு 1770, இறப்பு 1882, செல்சி ரெக்டர் (ஊர் சர்ச்சோட பொறுப்புப் பாதிரியார்), வின்ட்சர் டீன் (அரண்மனை சர்ச்சோட தலைமைப் பாதிரியார்), கூடவே இந்தூர் ரெசிடென்ட்டுன்னு (சமஸ்தானத்துல கம்பெனியோட பிரதிநிதி) ஒரே பெட்டிக்குள்ள நிக்கிறார். 112 வயசு! அதோட இவருக்கு லேடி சார்லட் அம்மாவா வர்றாங்க, சார்லட்டோட அக்கா எமிலி பொண்டாட்டியா வர்றாங்க. சித்தியையோ பெரியம்மாவையோ கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு, கைடு பாத்தா என்ன சொல்வாரோ.

இன்னொன்னு, ஆர்தர் (பின்னாடி வெலிங்டன் ஆனவர்) பேர்ல 1787லேர்ந்து 1793க்குள்ள ஏழு ரெஜிமென்ட் வருது. இது ஒரே ஆர்தரா, ஏழு ஆர்தரா? அவரோட அப்பா, தாத்தாவத் தேடினா வெல்லஸ்லின்னு எதுவுமே வரல. யாராச்சும் வழி சொல்லுங்க, அடுத்த வாரம் ட்ராஃப்ட் குடுக்கணும்.

எட்டிப்பார்த்தவன்:
112 வயசு வரைக்கும் ஒரே வேலைல இருந்தவருக்கு பென்ஷன் எவ்ளோ வந்திருக்கும்னு யோசிக்கிறேன் 😂 சாரி ப்ரோ, தெரிஞ்சவங்க வருவாங்க.

பழைய_தாள்:
தம்பி, முதல்ல அந்த தானா சேர்க்குற வசதிய செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா நீங்க பிரிக்கப் பிரிக்க அது ஒட்டிக்கிட்டே இருக்கும். உங்க பெட்டிக்குள்ள ரெண்டு பேர் இல்ல, மூணு பேர் இருக்காங்க.

மூத்த ஜெரால்ட், 1770ல பிறந்து 1848ல செத்தவர். வெலிங்டனோட நேர் தம்பி. செல்சில 1805லேர்ந்து 1832 வரைக்கும் ரெக்டர், 1827லேர்ந்து பிஷப்வியர்மவுத் ரெக்டர், டர்ஹாம் கதீட்ரல்ல பிரிபெண்டரியும் (கதீட்ரல் வருமானத்துல பங்கு வாங்குற குரு) அவர் தான். ரெண்டாவது, அவர் தம்பி ஹென்றியோட மகன், 1809ல பிறந்து 1882ல செத்தவர், இவர் தான் 1854லேர்ந்து கடைசி வரைக்கும் வின்ட்சர் டீன், விக்டோரியா மகாராணிக்கு ரொம்ப வேண்டியவர். மூணாவது ஆள் பாதிரியாரே இல்ல. மூத்த அண்ணன் ரிச்சர்ட் (நம்ம கவர்னர் ஜெனரல் வெல்லஸ்லி) கல்யாணத்துக்கு முன்னாடி பெத்த பையன், கம்பெனி உத்தியோகம், இந்தூர் ரெசிடென்ட்டா இருந்தவர், 1833ல செத்துட்டார்.

ஏன் ஒட்டுச்சுன்னா கடோகன் குடும்பத்தால. மூத்த ஜெரால்ட் 1802ல எமிலி கடோகன கட்டினார், அடுத்த வருஷம் தம்பி ஹென்றி எமிலியோட தங்கச்சி சார்லட்ட கட்டினார். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அக்கா தங்கச்சிய கட்டிக்கிட்டாங்க, நம்ம ஊர்ல சாதாரணமா நடக்குறது தான். அதனால பெரியப்பா ஜெரால்டுக்கு "மனைவி கடோகன்", தம்பி மகன் ஜெரால்டுக்கு "தாய் கடோகன்". மெஷினுக்கு பேர், குடும்பப் பேர், சர்ச் வேலை மூணும் பொருந்துச்சு, வருஷத்த பாக்காம சேர்த்துடுச்சு. மறுபடி ஏத்தும்போது பேர வச்சு ஆள அடையாளம் பிடிக்காதீங்க, பதவி, வருஷம், மாமனார் வீடு இந்த மூணையும் வச்சுப் பிடிங்க. இந்த மாதிரி குடும்பங்கள்ல மொத்தமே பத்துப் பேர வச்சுக்கிட்டு தான் தலைமுறை தலைமுறையா ஓட்டுவாங்க. வெலிங்டன் ஏழாவது டியூக் பேரும் ஜெரால்ட் தான், 1885ல பிறந்த ஆர்க்கிடெக்ட், அவரையும் அந்தப் பெட்டிக்குள்ள தள்ளிடப் போவுது.

மரம்_வளர்ப்பவன்:
மேடம் கும்பிடுறேன். அந்த ஏழு ரெஜிமென்ட்?

பழைய_தாள்:
அது ஒரே ஆர்தர் தான். அப்போ பட்டாளத்துல ஆபீசர் பதவிய காசு குடுத்து வாங்குறது சட்டப்படியே நடந்துச்சு, 1871 வரைக்கும். 1821 ரேட்டுல சாதாரண காலாட்படை என்சைன் பதவி (ஆபீசர்ல கடைசிப் படி) 450 பவுண்டு, லெப்டினன்ட் கர்னல் 4,500 பவுண்டு. எந்த ரெஜிமென்ட்ல எடம் காலியோ அங்க ஒரு படி மேல போயிட்டே இருப்பாங்க. ஆர்தர் 1787 மார்ச்ல 73ஆம் ரெஜிமென்ட்ல என்சைன், அப்புறம் 76, 41, 12ஆம் குதிரைப்படை, 58, 18ஆம் குதிரைப்படை, 1793ல 33க்கு வந்து அதே வருஷம் மேஜர், செப்டம்பர்ல லெப்டினன்ட் கர்னல். 24 வயசு! கடைசிப் படிக்கெல்லாம் அண்ணன் ரிச்சர்ட் தான் பணம் குடுத்தார். இதுல பல வருஷம் ஆள் டப்ளின் கோட்டைல வைஸ்ராய்க்கு ஏடிசி (கூடவே இருக்குற உதவி ஆபீசர்), 1790லேர்ந்து ட்ரிம் தொகுதிக்கு ஐரிஷ் பார்லிமென்ட் மெம்பர் வேற. ரெஜிமென்ட் எல்லாம் பெரும்பாலும் பேப்பர்ல தான். சார்ட்ல ஏழையும் தனித்தனிப் பதவியா போடாம "1787–1793, படிப்படியா வாங்கின பதவிகள்"னு ஒரே கட்டத்துல போட்டு 33ஆம் ரெஜிமென்ட்ட மட்டும் தடிச்ச எழுத்துல காட்டுங்க, அது தான் அவர் நிஜமா நடத்தினது, 1853ல அந்தப் படைக்கே அவர் பேர வச்சாங்க. தேதி சரிபாக்கணும்னா லண்டன் கெஜட் (அரசிதழ்) ஆன்லைன்ல சும்மாவே கிடைக்கும், பழைய ஆர்மி லிஸ்ட்டும் ஸ்கேன் பண்ணி போட்டிருக்காங்க.

கோயில்தெரு_டேனியல்:
சர்ச் பக்கம் நான் சொல்றேன், எங்க வீட்ல மூணு தலைமுறை சி.எஸ்.ஐ சர்ச் ஐயர்மார் (பாதிரியார்கள்), அதனால இதுல ஒரு ஆர்வம். தம்பி, இங்கிலாந்துல அப்போ ஒரு ஊர் ரெக்டர யார் நியமிப்பாங்கன்னு பாத்தீங்கன்னா உங்க சார்ட் பாதி தானாவே புரிஞ்சிரும். எல்லா ஊருக்கும் பிஷப் போட மாட்டார், ஆள முன்மொழியிற உரிமை பாதிக்கு மேல ஜமீன்தார் மாதிரி ஆளுங்க கைல, அது சொத்து மாதிரி, விக்கலாம் வாங்கலாம். செல்சி ரெக்டர் பதவி கடோகன் குடும்பத்து கைல இருந்துச்சு, மாமனார் வீடு. 1805ல மாப்பிள்ளைக்கு செல்சி. தம்பி மகன் ஜெரால்ட பாருங்க, 1836லேர்ந்து 1854 வரைக்கும் ஸ்ட்ராட்ஃபீல்ட் சே ரெக்டர். அது யாரோட எஸ்டேட்? வாட்டர்லூக்கு பரிசா நாடு 1817ல வெலிங்டனுக்கு வாங்கிக் குடுத்த எஸ்டேட். பெரியப்பா தோட்டத்துலயே ரெக்டர். அதனால ஒவ்வொரு பாதிரியார் பக்கத்துலயும் "இந்தப் பதவிய குடுத்தது யார்"னு ஒரு வரி சேர்த்தீங்கன்னா உங்க கைடு அசந்துடுவார், பட்டாளத்துல அண்ணன் பணம் குடுக்குற மாதிரி தான் இங்க மாமனார் பதவி குடுக்குறது.

1835 வரைக்கும் உள்ள நியமனங்களுக்கு இங்கிலாந்து திருச்சபை குருமார் டேட்டாபேஸ்னு ஒண்ணு ஆன்லைன்ல இருக்கு, இலவசம். 1858லேர்ந்து குராக்ஃபோர்ட் டைரக்டரி (பாதிரியார்கள் பட்டியல் புத்தகம்). நடுவுல உள்ள ஆளுக்கு கேம்பிரிட்ஜ் மாணவர் பதிவேடு பாருங்க.

மூத்த ஜெரால்டு பிஷப் ஆகவே இல்ல, அது ஒரு பெரிய வருத்தம் அந்த வீட்ல. 1826ல அயர்லாந்துல க்ளோய்ன் பிஷப் பதவி காலியாச்சு, வெலிங்டன் பிரதமர் லிவர்பூல்ட்ட தம்பிக்கு குடுங்கன்னு கேட்டார், மனுஷன் முடியாதுன்னுட்டார், பொண்டாட்டிய விட்டுப் பிரிஞ்சு இருக்கிற ஆள பிஷப் ஆக்க முடியாதுன்னு. நெப்போலியன ஜெயிச்சவர் சிபாரிசு கூட போகல.

எட்டிப்பார்த்தவன்:
சார்லட் அம்மா கதைய யாரும் சொல்லலையா? அவங்க 1809ல ஹென்றிய விட்டுட்டு லார்ட் பேஜெட்டோட போயிட்டாங்க, குதிரைப்படை தளபதி. அதே பேஜெட் 1815ல வாட்டர்லூல வெலிங்டனுக்கு கீழ சண்டை போட்டு கால இழந்தார். தம்பி பொண்டாட்டிய கூட்டிட்டுப் போன ஆளோட சேர்ந்து யுத்தம் பண்ண வேண்டிய நிலமை, சீரியல்காரன் கூட இப்படி யோசிக்க மாட்டான்.

மரம்_வளர்ப்பவன்:
ஐயோ அப்போ சார்லட்டுக்கு ரெண்டு புருஷன் காட்டணும். சரி பிரிச்சிட்டேன், மூணு ஜெரால்டும் தனித்தனியா உக்காந்தாச்சு. மூத்தவருக்கு ஜார்ஜ் கிரெவில் வெல்லஸ்லின்னு ஒரு பையன் வர்றார், அட்மிரல், 1877லேர்ந்து 79 வரைக்கும் ஃபர்ஸ்ட் நேவல் லார்ட், பாதிரியார் பையன் கடற்படைத் தலைவர், சார்ட்டுக்கு இத விட நல்ல உதாரணம் கிடைக்காது. வின்ட்சர் டீன் கட்டினது வேற ஜெனரல் லார்ட் ரோக்பி மகள. ஆனா அப்பா, தாத்தா இன்னும் வெல்லஸ்லின்னு வரலையே?

பழைய_தாள்:
வராது. அப்போ அவங்க வெஸ்லி. ஆர்தர் கையெழுத்தே 1798 மே வரைக்கும் வெஸ்லி தான், இந்தியால இருக்கும்போது தான் மாத்தினார். அப்பா காரெட் வெஸ்லி, மார்னிங்டன் பிரபு, டப்ளின் ட்ரினிட்டி காலேஜோட முதல் இசைப் பேராசிரியர், 1781ல செத்துட்டார். தாத்தா ரிச்சர்ட் பிறந்தப்போ வெஸ்லி கூட இல்ல, கோலி (கிரிக்கெட் கோலி இல்ல!). 1728ல வாரிசு இல்லாம செத்த காரெட் வெஸ்லின்னு ஒரு சொந்தக்காரரோட அயர்லாந்து டங்கன் எஸ்டேட் இவருக்கு வந்துச்சு, சொத்தோட பேரும் வந்துச்சு. அதனால ரத்த வழில வெலிங்டன் ஒரு கோலி. ஹென்றிக்கு 1828ல பட்டம் குடுத்தப்போ கௌலி பிரபுன்னு வச்சிக்கிட்டது அந்தப் பழைய பேர நினைச்சு தான். மெத்தடிஸ்ட்காரங்க ஒரு கதை சொல்வாங்க, அந்த காரெட் முதல்ல அவங்க சபைய ஆரம்பிச்ச ஜான் வெஸ்லியோட தம்பி சார்லஸ தத்தெடுக்கக் கேட்டார், அவர் வேணாம்னுட்டார்னு. அத சார்ட்ல சேர்க்காதீங்க, வேணும்னா அடிக்குறிப்புல.

இன்னொரு அண்ணன் வில்லியம் போல்னு ஒரு சொந்தக்காரர் சொத்துக்காக 1781ல பேரோட போல் சேர்த்து வெஸ்லி-போல் ஆனவர், பின்னாடி வெல்லஸ்லி-போல், அவர் மகன் 1812ல பணக்காரப் பொண்ண கட்டி போல்-டில்னி-லாங்-வெல்லஸ்லி ஆயிட்டார். ஒவ்வொரு பேருக்கும் "இந்த வருஷம் முதல்"னு தேதி போட்டு மாற்றுப் பேரா சேருங்க, முக்கியப் பேர அழிக்காதீங்க. சென்னைல ஆவணக் காப்பகம் பக்கம் போனீங்கன்னா 1799 சீரங்கப்பட்டண சண்டைக் காகிதங்கள்ல ரிச்சர்ட் "மார்னிங்டன்"னு தான் இருப்பார், மார்க்விஸ் வெல்லஸ்லி பட்டம் அந்த டிசம்பர்ல தான் வந்துச்சு.

கோயில்தெரு_டேனியல்:
அந்த ரிச்சர்டுக்கு கல்யாணத்துக்கு முன்னாடி பிறந்த பிள்ளைங்கள விட்டுடாதீங்க தம்பி. 1794ல அவங்க அம்மாவையே கட்டினாலும் அந்தக் காலத்து சட்டப்படி பிள்ளைங்க வாரிசு ஆகல, அதனால அவர் மார்க்விஸ் பட்டம் 1842ல அவரோட முடிஞ்சுது. ஆனா ஒரு பையன் ஹென்றி பாதிரியாராகி ஆக்ஸ்ஃபோர்ட்ல நியூ இன் ஹால் தலைவர். மக ஆன், லார்ட் சார்லஸ் பென்டிங்க்னு பட்டாளத்துக்காரர கட்டினாங்க, அவங்க பையன் ஒரு பாதிரியார், அந்தப் பாதிரியார் மக செசிலியா, செசிலியாவோட மக எலிசபெத் மகாராணியோட அம்மா. பட்டத்துக்கு ஆகாத கிளை தான் பக்கிங்ஹாம் போய் சேர்ந்துச்சு.

மரம்_வளர்ப்பவன்:
புள்ளிக்கோடு போட்டு இணைச்சிட்டேன் சார். கடைசியா ஒண்ணு, ஆர்தர் பிறந்த தேதி ஒரு எடத்துல 1769 மே 1, டப்ளின் செயின்ட் பீட்டர்ஸ் ஞானஸ்நானப் பதிவுல ஏப்ரல் 30ன்னு. எது?

பழைய_தாள்:
அவர் கொண்டாடினது மே 1. பதிவேட்டுல 1769 ஏப்ரல் 30 அன்னைக்கே ஞானஸ்நானம்னா மே 1ல பிறந்திருக்க முடியாது. டப்ளின் ஆவணக் காப்பகம் 1922ல எரிஞ்சதுல ஐரிஷ் பதிவேடு ஏகப்பட்டது போச்சு, மிச்சம் இருக்கிற துண்டு துண்டான தகவல வச்சு அடிச்சு சொல்ல முடியாது. பிறப்புக்கு "1769, மே 1 ஒட்டி"ன்னு போட்டு ஞானஸ்நானத்த தனி நிகழ்வா போடுங்க. பிறந்த இடம் டப்ளின் மெரியன் ஸ்ட்ரீட்டா டங்கனாங்கிறதும் இதே சண்டை தான், அதுக்கும் ரெண்டையும் எழுதி விடுங்க. பேக்கப் எடுத்து வச்சீங்களா?

மரம்_வளர்ப்பவன்:
ஜெட்காம் ஃபைலா (வம்சாவளி மரத்த சேமிக்கிற வடிவம்) இறக்கி மெயில்ல போட்டுட்டேன் மேடம். அந்த தளம் இப்போ ஹென்றிய ரெண்டு ஹென்றியோட சேர்க்கலாமான்னு கேக்குது, "வேண்டாம்" அமுக்கிட்டேன்.