பெரியப்பாவுக்கு கழுத்து ஸ்கேன்

காலை 7:12
பெரியம்மா: நேத்து சாயங்காலம் இவருக்கு இடது கைல இருந்து காபி டம்ளர் நழுவிருச்சு. பேச்சும் குழறுச்சு. பத்து நிமிஷத்துல சரியாயிட்டாரு. பித்தமா இருக்கும்னு இஞ்சிச்சாறு குடுத்தேன்.

7:15
முருகன் சித்தப்பா: வெயில்ல அலைஞ்சிருப்பாரு அண்ணி. படுக்கச் சொல்லுங்க.

7:19
கவிதா: ஐயோ பெரியம்மா, இது பித்தம் இல்ல. மினி ஸ்ட்ரோக், மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் அடைபட்டு விலகறது. தானா சரியாயிருச்சுன்னு விடவே கூடாது. அடுத்த ரெண்டு நாள்லதான் பெரிய ஸ்ட்ரோக் வர பயம் ஜாஸ்தி. இப்பவே கிளம்புங்க, சிடி ஸ்கேன் இருக்கற ஆஸ்பத்திரிக்கு.

7:24
பெரியப்பா: கை நல்லா தூக்குறேம்மா. நாளன்னைக்குக் கல்யாணம் இருக்கு. முடிச்சுட்டுப் பாக்கலாம்.

7:25
கவிதா: வேண்டாம் பெரியப்பா, கெஞ்சிக் கேக்குறேன். சித்தப்பா, காரை எடுங்க. வழியில திரும்ப கை வாய் இழுத்தா மணியைக் குறிச்சுக்கிட்டு 108க்குப் போடுங்க. ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ளதான். நீங்களா ஆஸ்பிரின் குடுத்துராதீங்க, ரத்தக்கசிவு இல்லன்னு சிடில பாக்கணும்.

மதியம் 1:40
முருகன் சித்தப்பா: சிடில கசிவு இல்ல. கழுத்துல டாப்ளர் ஸ்கேன் பாத்தாங்க. வலது பக்க ரத்தக்குழாய்ல 70 சதவீதத்துக்கு மேல அடைப்பாம். இடது கைதானே மரத்துச்சு?

1:48
கவிதா: மூளையோட வலது பக்கம்தான் இடது கையை ஆட்டுது சித்தப்பா. அப்போ அந்தக் குழாய்தான். தாடைக்குக் கீழ அது ரெண்டாப் பிரியற இடத்துலதான் கொழுப்பு படியும். அதுல துணுக்கு பிச்சுக்கிட்டு மேல போனா மூளைல அடைக்கும். நாங்க ஸ்கேன்ல பாக்கறது ரத்தத்தோட வேகத்தை. ஹோஸ் வாயை விரலால அமுக்குனா தண்ணி பீச்சுதுல்ல, அதே மாதிரி. வினாடிக்கு 230 செ.மீ. தாண்டுச்சுன்னா 70க்கு மேலன்னு கணக்கு.

1:52
பெரியம்மா: நெத்திப்பொட்டுலயும் வெச்சுப் பாத்தாங்களே?

1:53
கவிதா: அங்க எலும்பு மெல்லிசு பெரியம்மா. அது வழியா மூளைக்குள்ள ஓடற ரத்தம் தெரியும்.

2:05
முருகன் சித்தப்பா: நாமளும் எல்லாரும் எடுத்துரலாமா? லேப்ல பேக்கேஜ் போட்டிருக்கான்.

2:09
கவிதா: நான் இதே வேலை பாக்குறவ, சொல்றேன், அறிகுறி இல்லாதவங்க சும்மா எடுக்க வேண்டாம். உங்க பிபி மாத்திரையை ஒழுங்காப் போடுங்க. பீடியை விடுங்க. பெரியப்பாவுக்கு ஆபரேஷன்னா என்னைக்குன்னு சொன்னாங்களா? ரெண்டு வாரத்துக்குள்ள செஞ்சாத்தான் முழுப் பலன்.

2:14
முருகன் சித்தப்பா: வியாழக்கிழமைங்கறாங்க. கழுத்துல கீறி குழாயைத் திறந்து சுத்தம் பண்ணுவாங்களாம்.

2:20
பெரியப்பா: முருகா, கல்யாணத்துல என் பேர்ல மொய் எழுதிரு.

2:21
கவிதா: நான் ராத்திரி பஸ்ஸுக்கு வந்துடறேன் பெரியம்மா.