'கிரவுண்ட்ஹாக் டே': ஒன்லைன் கடைசிவரை தாங்குகிறது, ரீட்டாவின் பாத்திரமும் தாங்குகிறதா?

கேள்வி: கடைசிவரிசை

ஹரால்ட் ராமிஸ் இயக்கி 1993-இல் வெளியான 'கிரவுண்ட்ஹாக் டே' படத்தை அண்மையில் மூன்றாவது முறையாகப் பார்த்தேன். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் ஃபில் கானர்ஸ் (பில் மர்ரே), பிப்ரவரி 2 அன்று நடக்கும் விழா ஒன்றைப் படம்பிடிப்பதற்காகப் பென்சில்வேனியாவில் உள்ள பங்ஸடானி என்ற சிற்றூருக்கு வேண்டாவெறுப்பாக வருகிறான். பனிப்புயலால் அன்றிரவும் அங்கேயே தங்க நேர்கிறது. காலை ஆறு மணிக்குக் கடிகார வானொலி எழுப்பும்போது மீண்டும் அதே பிப்ரவரி 2. நாள் திரும்பத் திரும்ப வருவது அவன் ஒருவனுக்கு மட்டுமே தெரிகிறது.

ஒரே வரியில் சொல்லிவிடக்கூடிய இப்படிப்பட்ட விநோதமான கருவை, அதாவது ஒன்லைனை, நம்பி எடுக்கப்படும் நகைச்சுவைப் படங்கள், முதல் அரைமணி நேரம் வயிறு குலுங்கச் சிரிக்க வைத்துவிட்டு, அதன் பிறகு அதே வேடிக்கையை வேறு வேறு இடங்களில் நிகழ்த்திக் காட்டிக் களைத்துப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இந்தப் படம் அப்படிக் களைக்கவில்லை. ஏன் என்பதைத் திரைக்கதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். மறுபுறம், தயாரிப்பாளராக உடன் வரும் ரீட்டாவின் (ஆண்டி மெக்டவல்) காட்சிகளில் ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு குறை தென்படுகிறது. அது நடிப்பின் குறையா, எழுத்தின் குறையா என்றும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: எழுத்தாணி

களைக்காததற்கு முதற்காரணம், படம் தன் ஒன்லைனிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதில்லை என்பதே. நாளையே இல்லாதவனுக்குத் தண்டனை உண்டா என்று முதலில் கேட்கிறது. ஃபில் வாய்க்கு வந்ததைத் தின்கிறான், காவல்துறை துரத்தத் தண்டவாளத்தில் வண்டி ஓட்டுகிறான். பிறருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்தால் அதை எதற்குப் பயன்படுத்துவான் என்று அடுத்துக் கேட்கிறது. பிறகு, சாகவும் முடியாதபோது என்ன செய்வான்? அதற்கும் பிறகு, யாரும் நினைவில் வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று தெரிந்தும் நல்லது செய்வானா? ஒவ்வொரு கேள்வியும் முந்தைய கேள்வியின் விடையிலிருந்து பிறக்கிறது. தற்கொலைகளைத் தொடராகக் காட்டும் பகுதி ஒரு நகைச்சுவைப் படத்தின் நடுவில் நிற்க முடிவதற்கு இந்த ஒழுங்குதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது காரணம் படத்தொகுப்பு. காப்பீட்டு முகவர் நெட் தெருவில் மறிப்பதும், ஃபில் சாலையோரக் குளிர்ந்த நீரில் கால் வைப்பதும் முதல் நாளில் முழுமையாகக் காட்டப்படுகின்றன. அதன் பிறகு அந்தக் காட்சி சுருங்கிக்கொண்டே போகிறது. விட்டுவிட்டதை நாமே மனத்தில் நிரப்பிக்கொள்கிறோம். ரீட்டாவிடம் ஃபில் கன்னத்தில் அறை வாங்கும் வரிசையில் அறைகள் மட்டுமே மிஞ்சுகின்றன, பேச்சே தேவைப்படவில்லை. காலம் எவ்வளவு ஓடியது என்பதையும் படம் எங்கும் எண்ணிச் சொல்வதில்லை. சீட்டுகளைத் தொப்பிக்குள் வீசக் கற்றுக்கொள்ள நாள்தோறும் நான்கைந்து மணி நேரமாக ஆறு மாதம் ஆகும் என்று ஃபில் சாதாரணமாகச் சொல்லும்போது, இந்த ஒரு வித்தைக்கே அவ்வளவு என்றால் அவன் கற்றுக்கொள்ளும் பியானோவுக்கு எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று நாம்தான் கணக்குப் போடுகிறோம்.

சுழலுக்குக் காரணம் சொல்லாததையும் பெரும் பலமாகக் கருதுகிறேன். டேனி ரூபின் எழுதிய மூலத் திரைக்கதை சுழலின் நடுவிலிருந்தே தொடங்கியது. பின்னர், முன்னாள் காதலி இட்ட சாபத்தால் நாள் திரும்புவதாகவும் ஒரு வடிவம் எழுதப்பட்டு, படத்தில் இடம்பெறாமல் நீக்கப்பட்டது. சாபம் இருந்திருந்தால் அதற்கான பரிகாரத்தைத் தேடி ஓடுவதாகவே படம் மாறியிருக்கும்.

மறுமொழி: வெண்திரைவாசி

எழுத்தாணி அவர்கள் சொன்ன பலங்கள் அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் குறை என்று வரும்போது நடிப்பின் மேல் பழி போடுவது நியாயமாகாது. குறை எழுத்தில்தான் இருக்கிறது. ரீட்டாவுக்கு என்ன பானம் பிடிக்கும், கல்லூரியில் என்ன படித்தாள், எப்படிப்பட்ட ஆணை விரும்புகிறாள் என்பதையெல்லாம் நாம் அறிகிறோம். அத்தனையும் ஃபில் பயன்படுத்திக்கொள்வதற்கான தகவல்களாகவே வருகின்றன. அவன் எவ்வளவு திருந்தியிருக்கிறான் என்று அளந்து பார்ப்பதற்கான அளவுகோலாக அவள் நிற்கிறாள். அவளுக்கென்று ஒரு தடுமாற்றம், ஒரு தவறு, ஒரு சின்ன அற்பத்தனம்கூட எழுதப்படவில்லை.

இதைவிட என்னை உறுத்துவது நான்சி வரும் பகுதி. அவளுடைய பள்ளிக்கால விவரங்களை ஒரு நாள் கேட்டறிந்து, மறுநாள் பழைய வகுப்புத் தோழனாக நடித்து ஃபில் அவளை ஏமாற்றுகிறான். அதே சூழ்ச்சியை ரீட்டாவிடம் செய்யும்போது படம் அவனைத் தோற்கடித்துத் தண்டிக்கிறது. நான்சியை ஏமாற்றியது சிரிப்போடு முடிந்துவிடுகிறது. ஒன்லைன் வேகமாக ஓடும்போது அதன் சக்கரத்தில் சிக்கியவர்களைத் திரும்பிப் பார்க்க மறப்பது இந்த வகைப் படங்களுக்கே உரிய ஆபத்து. இவ்வளவு கவனமாக எழுதப்பட்ட படமும் அதற்குத் தப்பவில்லை.

மறுமொழி: பிலிம்சுருள்

காரணம் சொல்லாததே பலம் என்பதை மட்டும் பொதுவிதியாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெங்கட் பிரபுவின் 'மாநாடு' (2021) காலச்சுழலுக்கு ஒரு காரணம் சொல்கிறது, அத்துடன் எஸ். ஜே. சூர்யா ஏற்ற வில்லனையும் சுழலுக்குள் இழுத்துவிடுகிறது. இருவருக்கும் நினைவிருப்பதால் ஒவ்வொரு சுற்றும் ஒரு ஆட்டமாகிறது, அதன் நகைச்சுவையும் அந்த மோதலிலிருந்தே வருகிறது. அந்தப் படத்துக்கு விளக்கம் தேவைப்பட்டது. ஃபிலுக்கு எதிராளி அவனேதான் என்பதால் இங்கே தேவைப்படவில்லை.

படத்தின் உச்சம் என்று நான் கருதுவது தெருவோர முதியவரின் சாவு. ஃபில் உணவூட்டியும் மூச்சூட்டியும் அவரைக் காப்பாற்ற முடிவதில்லை. எதையும் எத்தனை முறையும் திருத்தலாம் என்று வாக்களித்த ஒன்லைன் அங்கே தன் எல்லையைத் தானே ஒப்புக்கொள்கிறது. அதற்குப் பிறகு வரும் நற்செயல்களில் எனக்குத் தற்பெருமை தெரியாமல் போவதற்கும் அந்தக் காட்சியே காரணம்.

மறுமொழி: கடைசிவரிசை

மூவருக்கும் நன்றி. இவற்றைப் படித்த பிறகு, ஃபில் உணவகத்தில் ரீட்டாவிடம் உண்மையைச் சொல்லும் பகுதியை மட்டும் மீண்டும் பார்த்தேன். அன்று அவள் நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கிறாள், சாட்சியாக உடன் இருக்க முடிவெடுக்கிறாள், இரவில் அவனோடு சீட்டு வீசுகிறாள், இதை ஏன் சாபமென்றே நினைக்க வேண்டும் என்றும் கேட்கிறாள். அதன் பிறகுதான் ஃபில் மாறத் தொடங்குகிறான். வெண்திரைவாசி அவர்கள் சொன்ன அளவுகோல் அந்த ஒரு நாளில் மட்டும் மனுஷியாகிவிடுகிறது, ஏனென்றால் அன்று மட்டும்தான் இருவருக்கும் தெரிந்தது ஒன்றே.

எனக்குத் தென்பட்ட குறை எது என்பது இப்போது பிடிபடுகிறது. முடிவில் பிப்ரவரி 3 விடிகிறது. அவன் அவளைப் பல ஆண்டுகளாக அறிந்தவன். அவளோ அவனுடைய ஒரே ஒரு நல்ல நாளை மட்டும் பார்த்தவள். அந்த ஏற்றத்தாழ்வை அவளிடம் சொல்லும் ஒரு காட்சிகூட இல்லாமல் இருவரும் பனி படர்ந்த தெருவில் இறங்கிப் போகிறார்கள். அவன் அங்கே அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் கிளைமாக்ஸின் மகிழ்ச்சி குலைந்திருக்குமா என்பதையும் இங்குள்ளவர்கள் எழுதினால் மகிழ்வேன்.