மகனுக்கு முதல் வகை நீரிழிவு: இரவுப் பொறுப்பை அப்பா எப்படி வாங்கிக்கொள்வது?

ராக்காவல் எழுதியது:

என் மகனுக்கு ஏழு வயது. ஐந்து வயதில் முதல் வகை நீரிழிவு என்று தெரிந்தது. இனிப்பு அதிகம் கொடுத்தீர்களா என்று தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே திசைமாறிப் போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது இது. இதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கியே தொண்டை வறண்டுவிட்டது.

என் சிக்கல் வேறு. ஊசி போடுவேன், தோலில் ஒட்டியிருந்து சர்க்கரை அளவைக் காட்டும் சென்சாரை மாற்றுவேன், மருந்து வாங்கி வருவேன். ஆனால் எத்தனை யூனிட் இன்சுலின் என்று தீர்மானிப்பவள் மனைவி. ராத்திரி சென்சார் கத்தினால் நான்தான் முதலில் எழுகிறேன்; எழுந்து அவளை எழுப்புகிறேன். இதற்கு ஓர் ஆள் எதற்கு? மருத்துவரும் அவளைப் பார்த்துத்தான் பேசுகிறார். "இன்று நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு" என்றால் சரி என்கிறாள்; கண்ணை மூடிக்கொண்டு அலாரத்துக்குக் காது கொடுத்துக் கிடக்கிறாள்.

பையன் மாலையில் ஓடியாடிய நாட்களில்தான் பயம் அதிகம். அந்த ஆட்டத்துக்குச் சர்க்கரை நடுராத்திரிக்கு மேல் இறங்குகிறது. மற்ற அப்பாக்கள் இதை எப்படிப் பங்கிட்டுக்கொண்டீர்கள்?

பழையவன் எழுதியது:

தம்பி, என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நாங்கள் வேலைகளைப் பங்கு போட்டுப் பார்த்தோம், சரிப்படவில்லை. பிறகு நாளைப் பங்கு போட்டோம். வாரத்தில் ஒரு முழு நாளை வாங்கிக்கொள்ளுங்கள். மாவுச்சத்துக் கணக்கு, யூனிட், ஊசி போடும் இடம், இரவு அலாரம், எல்லாம் அன்றைக்கு உங்கள் தலையில். அதற்கு முன் கொஞ்ச நாள் நீங்கள் கணக்கைச் சொல்லுங்கள், அவர் சரிபார்க்கட்டும். அவர் சொல்லி நீங்கள் தலையாட்டினால் எந்தக் காலத்திலும் வராது. இவ்வளவு மாவுச்சத்துக்கு இத்தனை யூனிட் என்று மருத்துவர் கொடுத்த விகிதத்துக்குள் நின்றால், உங்கள் எண்ணும் அவருடைய எண்ணும் சற்று வேறுபடுவதில் குற்றமில்லை. அதைப் பார்த்துக்கொண்டு அவர் வாய் மூடி இருப்பதுதான் பெரும்பாடு.

ராத்திரி சர்க்கரை 70க்குக் கீழே காட்டினால் முதலில் அவன் எப்படிப் படுத்திருக்கிறான் என்று பாருங்கள். சென்சார் உள்ள கையின் மேலேயே படுத்திருந்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். விரலில் ஒரு சொட்டு எடுத்தால் தெரிந்துவிடும். உண்மையிலேயே இறங்கியிருந்தால், பெரியவர்களுக்கு 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடக் காத்திருப்பு என்பது கணக்கு. சின்னப் பிள்ளைக்கு எடையைப் பார்த்து அதைவிடக் குறைவாகச் சொல்வார்கள். அந்தக் கால் மணி நேரம் இருக்கிறதே, அதில்தான் அப்பாக்கள் தோற்பது. பயத்தில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊட்டினால் விடியும்போது 300ல் நிற்கும். நினைவு தப்பியிருந்தாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றவே கூடாது. சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்தான குளுக்ககான் போட்டுவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். அதைப் போடும் முறையைப் பகலிலேயே ஒத்திகை பார்த்து வையுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

முழு நாள் எல்லாருக்கும் வாய்க்காது. எனக்கு வேலையே ராத்திரியில். நான் கேட்டு வாங்கியது காய்ச்சல் நாட்களை. பிள்ளை வாந்தி எடுக்கிறது, சாப்பிடவில்லை. அப்படியானால் இன்சுலின் வேண்டாம் என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்வார்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் அடிப்படை இன்சுலினை நிறுத்தவே கூடாது; நிறுத்தினால், இன்சுலின் இல்லாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் கீட்டோன் என்ற அமிலம் ஏறி ஆளையே சாய்த்துவிடும். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை மருத்துவரைக் கேட்டுச் செய்யலாம். கீட்டோன் பார்ப்பது, தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருப்பது, வாந்தி நிற்காவிட்டால் தாமதிக்காமல் கிளம்புவது, மூன்றும் எங்கள் வீட்டில் என் வேலை.

மருத்துவர் உங்களிடம் பேச வேண்டுமா? சென்சார் அறிக்கையையும் கேள்விகளையும் நீங்கள் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். தாள் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் பேசுவார்.

அந்தப் பிள்ளை எழுதியது:

நான் அப்பா இல்லை. இந்த நோயோடு வளர்ந்த மகன். அப்பாக்கள் எல்லாரும் எண்ணைப் பற்றியே எழுதுகிறீர்கள், ஆகவே நானும் ஒன்று சொல்கிறேன். பிள்ளை உள்ளே நுழையும்போதே "எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். 240க்கு முகம் சுளிக்கிற அப்பாவிடம் 140 என்று சொல்லிவிடத்தான் தோன்றும். என்னோடு ஊசி போட்டுக்கொண்ட சில நண்பர்களின் நோட்டில் எண்கள் அச்சடித்ததுபோல் அழகாக இருக்கும். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் குட்டு வெளிப்படும். என் அப்பா எந்த எண்ணைப் பார்த்தாலும் "சரி, இப்போது என்ன செய்யலாம்?" என்பார். அந்த "செய்யலாம்" என்பதில் அவரும் இருந்தார்.

அவர் எனக்கு அடிக்கடி சொன்ன கதை டொரன்டோவில் 1922 ஜனவரியில் இன்சுலின் பெற்ற 14 வயதுப் பையன் லியோனார்ட் தாம்ஸனுடையது. முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை மேலும் சுத்திகரித்து, 12 நாள் கழித்து மறுபடி போட்டார்கள், சர்க்கரை இறங்கியது. கண்டுபிடித்தவர்களுக்கே முதல் ஊசி தவறியது என்பதில் எனக்கு அந்த வயதில் அப்படியொரு சந்தோஷம்.

ராக்காவல் எழுதியது:

சனிக்கிழமையை வாங்கிவிட்டேன். கைபேசியில் அறிவிப்பை அணைக்க மாட்டேன், ஆனால் எழுந்து வர மாட்டேன் என்கிறாள். இப்போதைக்கு அது போதும். பழையவரே, ஆடிய நாளில் இரவு இன்சுலினைக் குறைத்தீர்களா, படுக்குமுன் ஏதாவது கூடுதலாகக் கொடுத்தீர்களா?

பழையவன் எழுதியது:

இரண்டும் செய்ததுண்டு. எவ்வளவு என்று இங்கே சொல்ல மாட்டேன்; என் மகளின் அளவு உங்கள் மகனுக்கு ஆகாது. எத்தனை மணிக்கு ஆடினான், எவ்வளவு நேரம், எப்போது இறங்கியது என்று சில வாரம் குறித்துக்கொண்டு போய் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். அதுவரை ஆடிய நாளில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள், அலாரம் அடிக்காவிட்டாலும்.